சட்டைப் பையில் ஒரு டையோடு

மனைவி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மூக்குக் கண்ணாடியைத் தேடிச் சட்டைப் பைக்குள் கையை விட்ட மிக்ஸிக்காரரின் விரலில் அரிசி அளவுக்கு ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். டையோடு. காலையில் வண்டியின் ஒயரில் மாட்டியிருக்க வேண்டிய பாகம்.

மிக்ஸி, மின்விசிறி என்று எதைக் கொடுத்தாலும் பிரித்துச் சேர்த்து ஓட வைக்கிற கை அவருக்கு. அந்தக் கைக்கு ஒரே ஒரு வியாதி, வண்டியில் திரும்பி முடித்த பிறகு இண்டிகேட்டரை அணைக்காது. ஐந்து வாரத்துக்கு முன்னால் இடப்பக்க விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்க, மனிதர் நேராகப் போனார். குறுக்குச் சாலையில் காத்திருந்த வேன்காரர், இவர் திரும்பப் போகிறார் என்று நம்பி வேனை எடுத்தார். வேன்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. மோதியதில் இவருடைய இடது காலில் மாவுக்கட்டு விழுந்தது.

வண்டி பிழைத்துக்கொண்டது. அதில்தான் மனைவி இப்போது ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போகிறாள். தன் மறதி வண்டியோடு சேர்ந்து அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று இவருக்குக் கவலை. அதனால்தான் இன்று காலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இண்டிகேட்டர் எரிகிறவரை பீப் பீப் என்று கத்தும் பஸ்ஸர் ஒன்றை மாட்டினார்.

பஸ்ஸருக்கு இடப்பக்க விளக்கிலிருந்து ஓர் ஒயர், வலப்பக்க விளக்கிலிருந்து ஓர் ஒயர். ஒவ்வொன்றிலும் ஒரு டையோடு வைக்க வேண்டும். ஒரு பக்கத்து மின்சாரம் பஸ்ஸர் வழியாக அடுத்த பக்கத்து விளக்குக்குப் போகாமல் அது தடுக்கும். இடப்பக்கத்தில் வைத்துவிட்டார். வலப்பக்கத்தில், முதலில் சத்தம் வருகிறதா பார்ப்போம் என்று ஒயரை நேராகவே முறுக்கிச் சோதித்தார். வலது விளக்கு மட்டும் மினுக்கியது, பஸ்ஸர் ஜோராகக் கத்தியது. அதற்குள் மனைவி ஹெல்மெட்டோடு வந்து நின்று, "நேரமாச்சுங்க" என்றாள். இவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அப்படியே டேப்பைச் சுற்றி அனுப்பிவிட்டார். இடது பக்கத்தைப் போட்டுப் பார்க்கவே இல்லை.

இப்போது அவள் இடது பக்கம் போட்டால் நான்கு விளக்கும் சேர்ந்து மினுக்கும். வலது பக்கம் முந்தி வருகிறவன் கண்ணுக்கு வலது விளக்குதான் தெரியும். அவள் வலப்பக்கம் திரும்புகிறாள் என்று நினைத்து இடப்பக்கம் ஒடித்தால், நேராக அவள் மேல்தான். அவள் போகிற வழியில் இரண்டே திருப்பங்கள், இரண்டும் இடப்பக்கம். அதில் ஒன்று லாரிகள் பறக்கிற சாலை.

போனைப் போட்டார். எடுக்கவில்லை. எப்படி எடுப்பாள்? வண்டி ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று சத்தியம் வாங்கியவரே இவர்தான். பதினோரு தடவை போட்டார்.

"எதுக்குடா போனையே முறைச்சுக்கிட்டு இருக்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. நீ குளிக்கப் போ."

அம்மா குளியலறைக் கதவைச் சாத்தியதும் ஊன்றுகோலை எடுத்தார். வாசற்படி தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுப் போட்ட காலைத் தூக்கியபடி, வியர்த்து வழிய, முதல் திருப்பமான தெருமுனை வரை வந்து சேர்ந்தார். அங்கே கூட்டம் இல்லை, சாலையில் கண்ணாடிச் சில்லும் இல்லை. அடுத்த திருப்பத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர். மூடியிருந்த கடையின் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கையால் இனி எதைத் தொடுவது என்று நினைத்தார்.

போன் அடித்தது.

"என்னங்க, பதினோரு மிஸ்டு கால்? இப்பதான் வந்து இறங்கினேன்."

"நல்லாருக்கியா? இடது பக்கம் போட்டா..."

"நாலும் மினுக்குது. முதல் திருப்பத்துலயே பார்த்தேன். அணைச்சுட்டுக் கையக் காட்டிட்டு வந்தேன்."

"கையா?"

"நீங்க விழுந்த நாள்லேருந்து எல்லாத் திருப்பத்துலயும் கையும் காட்டுறேன். எனக்குப் பயங்க. தினமும் பயந்துக்கிட்டேதான் போறேன்."

ஐந்து வாரமாக இது அவருக்குத் தெரியாது.

"நாலும் மினுக்குதுன்னு அப்பவே ஓரமா நிறுத்தி ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, அந்தக் காலை இழுத்துக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. வீட்டுலதானே இருக்கீங்க?"

"வீட்டுலதான்."

சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு லாரிக்காரன் அவர் காதருகே ஹாரனை நீளமாக அடித்துவிட்டுப் போனான்.

"எங்க இருக்கீங்க?"

"தெருமுனையில."

"ஓரடிகூட நகரக் கூடாது. இங்க சொல்லிட்டு வரேன்."

திரும்பி வரும்போது அவளுக்கு இரண்டும் வலப்பக்கத் திருப்பம். அவள் தெரிவதற்கு முன்பே பீப் பீப் என்று கேட்டது. வலது விளக்கு மட்டும் மினுக்க, வலது கையையும் ஒரு தடவை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினாள். வண்டியை ஸ்டாண்ட் போட்டவள் சாவியைக்கூடத் திருப்பாமல் ஓடிவந்து, அவர் காலடியில் குந்தி, கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"வீங்கியிருக்கு. யாரு வரச் சொன்னது உங்கள?"

அவளுக்குப் பின்னால் வண்டி கத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாளும் இண்டிகேட்டரை அணைக்க மறக்காதவள் அவள்.

"பஸ்ஸர் கத்துது," என்றார் மெதுவாக.

"கத்தட்டும்," என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.