நூற்றுப் பன்னிரண்டு ஸ்கிப்பிங்

கணக்கு, அறிவியல் என்று வீட்டுப்பாடம் கொடுத்ததெல்லாம் போதாதென்று இப்போது பள்ளிக்கூடங்கள் குதிப்பதற்கும் வீட்டுப்பாடம் கொடுக்கின்றன. ஹப்சிகுடாவில் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஹம்ஸினிக்கு வாராவாரம் பச்சை அட்டை ஒன்று வரும். ஸ்கிப்பிங் எத்தனை, தவளைத் தாவல் எத்தனை, ஒற்றைக்காலில் எத்தனை விநாடி என்று நாள்வாரியாகக் கட்டங்கள் இருக்கும். பெற்றோர் பக்கத்தில் நின்று பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை அனுப்பவேண்டும்.

ஹம்ஸினியின் அப்பா கோபி ஞாயிறு சாயங்காலம் உட்கார்ந்து ஏழு நாளையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவான். பிள்ளை ஒரு நாள்கூடக் குதித்ததில்லை. ஜூன் மாதம் அவன் மனைவி சுபாஸ்ரீ மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இரண்டே நாளில் போய்விட்டாள். அதற்குப் பிறகு கோபி அழவில்லை. துக்கம் வந்தால் அழலாம். அவனுக்கு எதுவுமே வரவில்லை. காப்பி சுடுகிறதா ஆறிவிட்டதா என்பதுகூட நாக்குக்குத் தெரியாமல் ஆறு மாதம் ஓடிவிட்டது. சமைத்தான், பிள்ளைக்குத் தலை பின்னினான், கம்பெனி பஸ் ஏறினான். எல்லாம் நடந்தது, அவன்தான் எதிலும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கோபிக்கு வேலை ஜீடிமெட்லாவில், ஒரு மருந்துக் கம்பெனியின் தரச் சோதனைக்கூடத்தில். எழுதாதது நடக்காதது என்பது அங்கே வேதவாக்கு. பதினான்கு வருஷமாக மற்றவர்களின் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டி, எந்த எண் மெய், எந்த எண் உட்கார்ந்து எழுதியது என்று மோப்பம் பிடிக்கப் பழகியவன். நிஜமான எண்கள் ஒழுங்காக நிற்காது. ஒரு நாள் ஏறும், ஒரு நாள் சறுக்கும். வேலையில் ஒரு புள்ளிகூடப் பொய்யாக வைக்காத மனுஷன், மகளின் அட்டையில் அந்த வித்தை முழுவதையும் இறக்கினான். திங்கள் இருபத்துமூன்று, செவ்வாய் முப்பத்தொன்று, புதன் ஜலதோஷம் என்பதால் பதினெட்டு. பேனாவைக்கூட மாற்றி மாற்றி எழுதினான். ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை, கை தானாகச் செய்தது. போன வாரம் நூற்றுப் பன்னிரண்டுக்கு ஏற்றியிருந்தான்.

மற்ற பெற்றோர் ஐம்பது, ஐம்பது, ஐம்பது என்று எழுதி மாட்டிக்கொண்டார்கள். வியாழக்கிழமை உடற்கல்வி ஆசிரியர் சுனில் கோபிக்குப் போன் செய்தார். நாற்பது பிள்ளைகளில் நேர்மையாகச் செய்தது உங்கள் பெண் ஒருத்திதான், சனிக்கிழமை விளையாட்டு விழாவில் எல்லோர் முன்னாலும் செய்து காட்டட்டும் என்றார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கோபி "ஓகே சார்" என்றான். ஆறு மாதமாக யார் எது சொன்னாலும் அவன் சொல்வது அதுதான்.

ஹம்ஸினிக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது ஊர்ப் பாஷையான தெலுங்கு. "ஹண்ட்ரட் அண்ட் ட்வெல்வ் நேனு எப்புடு சேஸானு டாடி?" என்று கேட்டாள். தான் எப்போது செய்தோம் என்று அவளுக்கே குழப்பம்.

"நாளைக்குப் பழகிக்கலாம்டா," என்றான்.

மறுநாள் பஸ் தாமதம். பழகவில்லை. சுனிலுக்குச் சொல்லிவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தான். திரை அணையும்வரை வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தான்.

சனிக்கிழமை மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். இருநூறு பெற்றோர். சுனில் மைக்கில் நூற்றுப் பன்னிரண்டு என்று அறிவித்ததும் கைதட்டல் எழுந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? மூன்றாவது தாவலில் கயிறு ஹம்ஸினியின் காலில் சிக்கியது. மறுபடி முயன்றாள், நாலு. மறுபடி, இரண்டு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"க்யா ஹுவா பேட்டா?" என்று குனிந்து இந்தியில் கேட்ட சுனில், என்ன ஆச்சு, வீட்டில் மட்டும் எப்படி வருகிறது என்றார். மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"மம்மி கவுண்ட் சேஸ்தேனே ஒஸ்ததி சார்," என்றாள் ஹம்ஸினி.

அம்மா எண்ணினால்தான் வருமாம்.

கோபிக்கு வலித்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக வலித்தது. அப்பனைக் காட்டிக்கொடுக்கக்கூடாதென்று எட்டு வயதுப் பிள்ளை செத்துப்போன அம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. அவன் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் போனான். வாயில் பாதி இந்தி, பாதி தமிழ்.

"சார், அவ அம்மா இல்ல. ஜூன்லயே போயிட்டா. அந்த நம்பரெல்லாம் நான் உக்காந்து எழுதினது. வீட்ல யாரும் எண்ணல சார்."

மைக் அதையும் இருநூறு பேர் காதுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுனில் மைக்கை அணைத்தார். ஹம்ஸினி தலையைக் குனிந்துகொண்டு கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"சுருட்டாத. குதி," என்றான் கோபி. "நான் எண்றேன்."

அவள் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கயிற்றைச் சுழற்றினாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

பிள்ளை நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தது. சுபாஸ்ரீ ஊசியில் நூல் கோக்கும்போது அப்படித்தான் கடித்துக்கொள்வாள். பின்னல் கோணலாக இருந்தது. அதைப் பின்னியவனே இப்போதுதான் பார்க்கிறான். அஞ்சுவரை குரல் வந்தது. அதற்குமேல் எண்ணிக்கை விட்டுப்போய், கண்ணில் நீர் வழிந்தது. கயிறு தரையில் பட்டுப் பட்டு எழும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

ஹம்ஸினி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "எத்தனை டாடி?" என்று தமிழில் கேட்டாள்.

"தெரியலடா கண்ணு," என்றான் கோபி. "பாத்துக்கிட்டே இருந்துட்டேன்."