பாதம் வைத்த எழுத்து

எழுபத்தெட்டாம் வருஷம், ஒரு நாள் வேலைதானே என்று ஆரோக்கியதாஸ் பெயிண்ட் டப்பாக்களோடு ஒடுகத்தூரில் பஸ் ஏறிக் காவலூருக்குப் போனான். சந்தியாகப்பன் புதிதாகப் போட்ட கடைக்கு, மகள் பேரிலேயே ஒரு போர்டு: ‘ஞானமேரி டீக்கடை’. சாயங்காலப் பஸ்ஸுக்குத் திரும்பியிருக்க வேண்டியவன். அந்த ஞானமேரி டம்ளரை நீட்டி, “சக்கர போதுங்களா?” என்று கேட்டுத் தொலைத்தாள். பயலுக்குத் தலைகால் புரியவில்லை.

“வேல நாளைக்குத்தாங்க முடியும்” என்றான்.

முடிந்தால் ஊருக்குப் போயாக வேண்டும். அப்புறம் அவளைப் பார்க்க என்ன சாக்கு? மனசில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்றாலோ வாய் வரவில்லை. ஆகவே வேலையை இழுத்தடித்தான். அவனிடம் வெள்ளைக்காரன் காலத்துப் பிஸ்கட் டப்பா மூடி ஒன்று இருந்தது. அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்தெல்லாம் ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் மயிரிழையாக மெலிந்து, முனைக்கு முனை குட்டிப் பாதம் வைத்து ஜம்மென்று நிற்கும். தமிழுக்கு மட்டும் என்ன குறைச்சல்? ‘ஞா’வுக்குப் பாதம் வைத்தான். பாதத்துக்கு ஒரு சுருள், சுருளுக்கு ஒரு கொடி, கொடி நிறைய மொட்டு. மறுநாள் மொட்டெல்லாம் பூத்தது. அதற்கடுத்த நாள் பூவுக்குத் தங்க நிழல். ‘மே’யின் கொம்பு போர்டை விட்டுச் சட்டத்தின் மேலேயே ஏறிவிட்டது. மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கலாமா என்று அவனுக்கே பயமாக இருந்தது.

டீ குடிக்க வந்த, அந்த ஊர் வானாய்வுக்கூடத்து ஊழியர் ஒருவர் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“எங்க டெலஸ்கோப்புல எவ்ளோ தூரத்து நட்சத்திரமெல்லாம் தெரியுது. இது இன்னா எழுத்துன்னு தெரியலியேப்பா!”

கடையே சிரித்தது. சந்தியாகப்பனுக்குச் சுருக்கென்றது.

“மொத்தத்தயும் அழி. படிக்கிறாப்ல மொட்டையா எழுதிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பு.”

இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை. “ஐயா...” என்று ஆரம்பித்த ஆரோக்கியதாஸ், “சரிங்க” என்று முடித்தான். பாவி, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான்.

“அழிக்காதீங்க!” என்று ஞானமேரி அடுப்பை விட்டு வெளியே வந்தாள். “ஏம்பா, படிக்க முடியாம நிக்கறவங்க எல்லாம் ஒரு டீ குடிச்சிட்டுத்தான போறாங்க?”

“அதுக்கு?”

“மழ பேஞ்சா இந்தப் பூவெல்லாம் உரிஞ்சிடும். திரும்ப எழுத இவுருதான் வரணும். ஒவ்வொரு வாட்டியும் ஒடுகத்தூருக்கு ஆள் அனுப்பிக்கினு இருப்பியா?” முந்தானையை முறுக்கினாள். காதெல்லாம் சிவந்துவிட்டது. “ஒரே வாட்டி இவுரு வூட்டுக்கு ஆள் அனுப்பிப் பேசி முடிச்சிடுப்பா.”



“எங்கம்மா இன்னிக்கு வூட்லதாங்க இருக்காங்க!” என்று ஏணி மேலிருந்தே கத்தினான் ஆரோக்கியதாஸ்.