மூன்று வேலைக்கு உதவாத சாமான்

ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தரையில் எங்கள் சாமான்களையெல்லாம் பரப்பி வைக்கச் சொன்னார் ஃபான் வாத்தியார். கையில் ஒரு தொங்கு தராசு. மீன் வியாபாரி மாதிரி ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி எடை பார்த்தார். பக்கத்தில் பெய்லிங் என்ற இருபத்தைந்து வயதுப் பெண், அவருடைய மாணவி, கேமராவோடு நின்றாள்.

தைபேயில் அவர் நடத்துவது உயிர் பிழைக்கும் வகுப்பு. தெரியாத காட்டில் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது, எப்படித் திட்டம் போடுவது என்று அலுவலகக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். இந்தத் தடவை நிஜமாகவே தெரியாத காடு வேண்டும் என்றார். எங்கள் ஊருக்கு மேற்கே, மூன்று மலை தாண்டி ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஜப்பான்காரன் ஆட்சியில் எங்கள் புனுன் மலைச் சனத்தை அங்கிருந்து கீழே இறக்கினான். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் போனதில்லை. கல்வீடுகள் இருக்கும் என்பார்கள். பார்த்தவர் யாரும் உயிரோடு இல்லை.

சுமை தூக்க நானும் என் மனைவியின் தம்பி விலியானும். எனக்கு நாற்பத்தாறு வயது. பதினெட்டு வயதிலிருந்து நெற்றிப்பட்டை போட்டு அடுத்தவன் மூட்டையை மலையேற்றுகிறேன். அதற்கு முன்னால் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூடை சுமந்தேன்.

"இது என்னது?" என்றார் வாத்தியார்.

"தார்ப்பாய்." நீலமும் வெள்ளையும் கோடு போட்ட பெரிய பாய். நான்கு பேர் அடியில் படுக்கலாம், நடுவே நெருப்பும் போடலாம்.

"ரெண்டரைக் கிலோ. வேண்டாம். இது?"

"பைன் கட்டைச் சீவல். எண்ணெய் ஊறினது. கொட்டுற மழையிலயும் பத்திக்கும்."

"என்கிட்ட பொறி தட்டுற தீக்கம்பி இருக்கு. இதுவும் வேண்டாம்." பிறகு கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "முதல் பாடம். மூணு வேலைக்கு உதவாத சாமான் மலைக்கு வரக் கூடாது."

விலியான் வெற்றிலைப்பாக்கைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு எங்கள் பாஷையில் என்னிடம் கேட்டான்: "அப்ப இந்த ஆள எந்த மூணு வேலைக்கு மச்சான் கூட்டிட்டுப் போறோம்?"

நான் சிரித்துவிட்டேன். எங்களுக்குத் தூங்க ஆளுக்கொரு வெள்ளிக் காகிதப் பை கொடுத்தார். உருளைக்கிழங்கு சுட மடிப்பார்களே, அந்த மாதிரி மினுக்கியது. அவருக்கும் பெய்லிங்குக்கும் ஆளுக்கொரு சிறு கூடாரமும் இறகு வைத்த தூக்கப்பையும் உண்டு. பறக்கும் கேமராவும் அதற்கு எட்டு பேட்டரியும் உண்டு. பேட்டரிக்கு மூன்று வேலை என்னென்ன என்று யாரும் கேட்கவில்லை.

நான் ஏன் தார்ப்பாயை விட்டுக்கொடுத்தேன்? பிறகு ஊரில் எல்லாரும் கேட்டார்கள். மரியாதைக்காக என்று சொல்லி வைத்தேன். பொய். இரண்டரைக் கிலோ குறைந்ததில் என் முதுகுக்குச் சந்தோஷம். அவ்வளவுதான்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். சாலை முடிகிற இடத்தில் முன்னோருக்குக் கொஞ்சம் தினைச் சாராயம் ஊற்றி, இறைச்சித் துண்டு வைத்து, இன்னார் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் நாங்கள் காட்டில் கால் வைப்போம். ஊற்றினேன். சொன்னேன். எழுந்தேன்.

"வெளிச்சம் சரியில்ல. இன்னொரு தடவ செய்ங்க" என்றார் வாத்தியார்.

"வாத்தியாரே, இது ரெண்டு தடவ செய்யறதில்ல."

"சும்மா படத்துக்குத்தானே!"

ஏற்கெனவே ஊற்றிய இடத்தில் மறுபடி ஊற்றி, ஏற்கெனவே வைத்த இறைச்சியை எடுத்து மண்ணைத் தட்டி, மறுபடி வைத்தேன். பிச்சைக்காரன் தட்டிலிருந்து எடுத்து அவனுக்கே போட்ட மாதிரி இருந்தது. அந்த நேரத்தில், என் தோளுக்குப் பின்னால், விலியான் தும்மினான்.

வேட்டைக்கோ நெடும்பயணத்துக்கோ கிளம்பும்போது எங்களில் ஒருவன் தும்மினால் அன்றைக்குப் பயணம் இல்லை. குசு விட்டாலும் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். இதில் பேச்சே கிடையாது. இதற்காகவே கிளம்பும் காலையில் பயறு தின்னாத கிழவர்கள் இருந்தார்கள்.

விலியான் என்னைப் பார்த்தான். கண்ணோரம் சிவந்திருந்தது. முந்தின நாளே அவனுக்குத் தொண்டை கட்டியிருந்தது, எனக்குத் தெரியும்.

"மச்சான், நான் தும்மிட்டேன்."

"முதல்ல ஊத்தினதுதான் முன்னோருக்கு. இது படத்துக்கு. படத்துக்கு நடுவுல தும்மினது கணக்குல வராது" என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "நல்ல வக்கீலா ஆகியிருக்கலாம் நீ" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினான்.

முதல் இரண்டு நாள் வெயில். அட்டைகள் மட்டும். வாத்தியாருடைய இத்தாலி பூட்ஸில் துணிநாக்கு வழியாக அட்டை ஏறி, சாயங்காலம் கழற்றினால் காலுறை ரத்தத்தில் ஊறியிருக்கும். நாங்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சந்தையில் வாங்கியது, தண்ணீர் உள்ளே போனால் கவிழ்த்து ஊற்றிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். "அறிவியல்படி அது கணுக்காலத் தாங்காது" என்றார். அவருடைய கணுக்கால் மூன்றாம் நாள் பிசகியது.

கேமராவுக்காக உளுத்த மரத்திலிருந்து ஒரு புழுவை எடுத்து வாயில் போட்டார். மென்றார், தலையாட்டினார், புரதம் என்றார். கேமரா தாழ்ந்ததும் எங்கள் சோற்றுப் பானைக்கு ஓரடி தள்ளித் துப்பினார். பாதிப் புழு வெள்ளையாக நெளிந்தது. அன்றைக்கு விலியான் சாப்பிடவில்லை.

அதைவிட அசிங்கம் பைகள். காட்டில் தடயம் விடக் கூடாது என்பது அவருடைய இன்னொரு பாடம். கெட்டியான பச்சைப் பையில், உள்ளே ஏதோ தூள் போட்டது, வெளிக்கு இருந்துவிட்டு, துடைத்த ஈரத்தாளையும் அதிலேயே போட்டு, வாயை அழுத்தி மூடுவார். பெய்லிங்கும் அப்படித்தான் செய்தாள். தன்னுடையதைத் தன் மூட்டையிலேயே சுமந்தாள். வாத்தியார் முதல் நாளே தன்னுடையதை விலியானிடம் நீட்டினார்.

"அரிசி குறையுது இல்ல? உன் மூட்டையில எடை கொறஞ்சிருக்குமே."

சூடு ஆறாத பை. விலியான் இரண்டு விரலால் வாங்கினான். என்னிடம் திரும்பி, "பன்னி பேளுது, மான் பேளுது, கரடி மலை மலையா பேளுது. காடு என்ன செத்தா போச்சு?" என்றான். சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நான்காம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. இறங்கி மரங்களுக்குள் போய் ஒரு பாறை மறைவைத் தேடலாம் என்றேன். விலியான் தினம் தினம் மெதுவாகிக்கொண்டிருந்தான், உதடு வெளுத்திருந்தது. வாத்தியார் அட்டவணையை எடுத்துக் காட்டினார். நான்காம் இரவு மேட்டில், ஐந்தாம் நாள் மேட்டிலிருந்து கேமராவைப் பறக்கவிட்டுப் பள்ளத்தாக்கைப் படம் எடுப்பது என்று அதில் இருந்தது.

மேட்டில் மூங்கில் புதரும் காற்றும் தவிர ஒன்றும் இல்லை. வெள்ளிப் பைக்குள் படுத்தோம். வெளியே மழை நனைத்தது, உள்ளே எங்கள் வேர்வையே சொட்டுச் சொட்டாகத் திரும்பி எங்கள் மேல் விழுந்தது. ஈர மூங்கிலை வைத்துத் தீக்கம்பியால் அரைமணி நேரம் பொறி தட்டினேன். பொறிக்கு அழகு உண்டு. பற்ற ஒன்றும் இல்லை. பைன் சீவல் என் வீட்டுச் சமையலறை ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது.

ஐந்தாம் நாள் முழுக்க மழை. மேகம் முழங்கால் உயரத்தில் ஓடியது. "காத்திருக்கறதும் ஒரு திட்டம்தான்" என்று வாத்தியார் கூடாரத்துக்குள்ளிருந்து சொன்னார். மத்தியானம் வரை விலியான் பல் கிட்டி நடுங்கினான். நாலு மணி வாக்கில் நடுக்கம் நின்றது. அப்பாடா என்று திரும்பினால், அவன் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறான்.

"என்னடா மாப்ள செய்யற?"

"சூடா இருக்கு மச்சான். ஆத்துக்குப் போலாம் வா."

இருபத்தெட்டு வருஷத்தில் இதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். குளிரில் சாகப்போகிறவனுக்குச் சூடாக இருக்கும். அந்த ஆளை நாங்கள் பிணமாகத்தான் இறக்கினோம்.

விலியானின் மூட்டை அடியில் ஒரு கம்பளிச் சட்டை உண்டு. அவன் அம்மா பின்னியது, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்திருந்தான். கையை விட்டு இழுத்தேன். இழுத்ததும் நாற்றம் அடித்தது. ஐந்து பச்சைப் பைகளில் ஒன்று சுமையில் நசுங்கி வாய் விட்டிருந்தது. பிளாஸ்டிக்கையும் தாண்டி, சட்டையில் ஒரு கை நீளத்துக்கு வாத்தியாரின் பீ. என் விரல்களிலும். மழையில் கையை நீட்டிக் கழுவினேன்.

வாத்தியாரின் கூடாரத்தைத் தட்டினேன்.

"வாத்தியாரே, உங்க தூக்கப்பையும் கூடாரமும் வேணும். பையன் போயிருவான். உதவி கூப்பிடற கருவி வச்சிருக்கீங்களே, அந்தச் சிவப்புப் பொத்தான அமுக்குங்க."

ஜிப்பை ஒரு சாண் திறந்தார். உள்ளேயிருந்து வெதுவெதுப்பும் காப்பி வாசனையும் வந்தன.

"பொத்தான அமுக்க முடியாது. நம்ம அனுமதி வேற சிகரத்துக்கு, இந்தப் பள்ளத்தாக்குக்கு இல்ல. எப்படியும் இந்த மேகத்துல ஹெலிகாப்டர் வராது."

"அப்ப கூடாரம்?"

"லாவுங், கேளுங்க. ஒருத்தர காப்பாத்தப் போயி ரெண்டு பேர் போறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. என் உடம்பு நனைஞ்சா நானும் சுமை. இது நான் சொல்லல. பாடம்."

நான் குனிந்து உள்ளே கைவிட்டு அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்தேன், பிசகினதையும் சேர்த்து. மூங்கில் வேரைப் பிடுங்குகிற மாதிரி இழுத்தேன். கத்திக்கொண்டே சேற்றில் வந்து விழுந்தார். அதற்குள் பெய்லிங் தன் தூக்கப்பையையும் ஒரு காய்ந்த பனியனையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாள். கழுத்தில் கேமரா இல்லை. இரண்டு பேருமாக விலியானை உரித்து வாத்தியாரின் கூடாரத்துக்குள் தள்ளினோம். நானும் துணியைக் கழற்றிவிட்டு, அவனோடு ஒட்டிப் படுத்தேன். செத்த மீனைக் கட்டிப்பிடித்த மாதிரி இருந்தது. பெய்லிங் தன் சிறு கேஸ் அடுப்பில் சர்க்கரைத் தண்ணீர் காய்ச்சி, அவனால் விழுங்க முடிந்ததும் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தாள்.

வாத்தியார் வெளியே நின்று வழக்குப் போடுவேன் என்றார். பிறகு பல் கிட்டத் தொடங்கியது.

"என் கூடாரத்துக்கு வாங்க வாத்தியாரே. அந்த அட்டவணைய மட்டும் வெளிய வச்சுட்டு வாங்க" என்றாள் பெய்லிங்.

இருட்டுவதற்குள் விலியான் மறுபடி நடுங்க ஆரம்பித்தான். அந்த நடுக்கத்தைப் போல நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

காலையில் மேகம் கொஞ்சம் உயர்ந்தது. என் மூட்டையைக் காலி செய்து, அடிப்பக்கம் கால் நுழைய இரண்டு ஓட்டை வெட்டி, விலியானைத் தூக்கப்பையோடு உட்கார வைத்து, நெற்றிப்பட்டையை மாட்டினேன். எட்டு பேட்டரியும் பறக்கும் கேமராவும் மேட்டிலேயே கிடந்தன.

கிளம்பும் முன் ஐந்து பச்சைப் பைகளையும் ஒரு கோணியில் போட்டுக் கட்டி, வாத்தியார் கொண்டுவந்திருந்த தொங்கு தராசில் மாட்டினேன். இரண்டு கிலோ எழுநூறு. தார்ப்பாயைவிட இருநூறு கிராம் கூட. அவருடைய மூட்டையில் கட்டிவிட்டேன்.

"இது ஒரு வேலைக்கும் உதவாது. ஆனா காட்டுல விடக் கூடாதே. நீங்களே வச்சுக்கங்க."

அவர் என்னையே பார்த்தார், அவிழ்க்கவில்லை. வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நான் சொன்ன குறுக்கு வழியில் பெய்லிங் முன்னால் கத்தியால் புதர் வெட்டிப் போனாள். மரத்தடியில் ஓரிடத்தில் தங்கி, மறுநாள் மத்தியானம் மரலாரிச் சாலைக்கு வந்தோம். விலியான் என் காதுக்குப் பின்னால் இருமிக்கொண்டே இருந்தான். ஒருமுறை, "மச்சான், கணக்குல வந்துருச்சு" என்றான். நான் இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக்கொண்டு வேகமாக இறங்கினேன். பட்டை நெற்றியை அறுத்துக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிமோனியா. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். பிழைத்துக்கொண்டான். ஆனால் மூட்டை தூக்கி மேடேறினால் மூச்சு விசில் அடிக்கிறது. இப்போது பெட்ரோல் பங்கில் நிற்கிறான்.

குளிர்காலம் வந்ததும் வாத்தியார் படத்தை வெளியிட்டார். பெய்லிங் அவரை விட்டுப் போய்விட்டாள், ஆனால் படம் அவருடையதுதானே. சாலை முடிவில் எடுத்தது அவரிடம் இருந்தது. மற்றதற்கு அவரே உட்கார்ந்து கதை சொன்னார். "உடல்நலம் குன்றிய சுமையாளரை என் கூடாரத்தில் வைத்துக் காப்பாற்றினோம்" என்றார். விலியானின் வீட்டில், ஊரில் பாதிப் பேர் ஒரு டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம்.

நான் இரண்டாவது தடவை சாராயம் ஊற்றுகிறேன். பின்னால் தும்மல், கணீரென்று. அறையில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் பாஷை தெரியாத வாத்தியார் ஒன்றையும் வெட்டவில்லை. திரையில் என் வாய் அசைகிறது: "படத்துக்கு நடுவுல தும்மினது கணக்குல வராது." அதற்குக் கீழே சீன எழுத்தில் போட்டிருக்கிறார்: முன்னோர்களே, இந்தப் பயணிகளைக் காத்தருளுங்கள்.

என் முகம் எனக்கே அருவருப்பாக இருந்தது. அந்த முகத்தில் சிரிப்பு வேறு.

விலியானின் அம்மா, என் மாமியார் ஆபுஸ், நிறுத்தச் சொன்னாள். திரும்பப் போடச் சொன்னாள். மறுபடி கேட்டாள். கம்பளிச் சட்டையை எத்தனை தடவை துவைத்தும் அவள் அதைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை, அது இன்னும் வெளியில்தான் தொங்கியது.

"அத்தை, தப்புதான். நான் ஒரு பன்னி வெட்டிடறேன்" என்றேன். தடை மீறினவன் பன்றி வெட்டி ஊருக்குப் பங்கு வைக்க வேண்டும்.

அவள் வெற்றிலைச் சாற்றை டப்பாவில் துப்பினாள்.

"ரெண்டு தடவ ஊத்தினேல்ல? ரெண்டா வெட்டு."