பூக்கட்டி வாங்கிய ஸ்விட்ச்

2004-ல் திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர். மூன்று வருடமாகத் தற்காலிகம். "புது லேபை நல்லபடியா முடிச்சுக் குடு ஆதிலட்சுமி, நிரந்தரம் பண்ணி ஆர்டர் போட்டுடறேன்" என்று தாளாளர் கோதண்டராமன் சொல்லியிருந்தார். என் வீடே அந்த ஆர்டரை நம்பித்தான் இருந்தது.

அறுபது கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்க வேகமான ஸ்விட்ச் பெட்டி வேண்டும். சென்னைக் கம்பெனி ஒன்று, வேலூர்க் கம்பெனி ஒன்று. விலை ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிடமும் மாதிரிப் பெட்டி வாங்கி, அறுபதிலும் ஒரே நேரத்தில் பெரிய ஃபைல்களை ஓடவிட்டேன். சென்னைப் பெட்டி நாள் முழுக்க அசரவில்லை. வேலூர்ப் பெட்டி இரண்டு மணி நேரத்தில் சூடேறி நின்றது. மறுநாளும் அதே கதை. ஐந்து பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

தாளாளர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிரிக்கவில்லை.

"எதுக்கும் பூக்கட்டிப் பாத்துட்டு வந்துடறேம்மா."

இடம் வாங்கியது, பஸ் வாங்கியது எல்லாம் அப்படித்தானாம். அண்ணாமலையாரையே கொள்முதல் கமிட்டியில் சேர்த்துவிட்டார். வெள்ளைப் பூ சென்னை, சிவப்பு அரளி வேலூர். தனித்தனியாக இலையில் மடித்து சன்னதியில் வைத்தார்; குருக்கள் ஒன்றை எடுத்தார். பிரித்தால் சிவப்பு.

"சாமி சொல்லிடுச்சு. ரிப்போர்ட்டை மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதிக் குடுத்துடு. ஃபைலுக்கு ஒத்து வரணும்ல."

"சார், அது ரெண்டு மணி நேரத்துல நின்னுடுதுங்க."

"உன் ஆர்டர் டைப் ஆயிட்டிருக்குதும்மா."

மாற்றி எழுதினேன். 'தொடர்ந்து இயங்கும் திறன்: மிக நன்று' என்று என் கையாலேயே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன்.

ஒரு மணி நேர லேப் வகுப்புகளை அந்தப் பெட்டி தாக்குப்பிடித்தது. இரண்டு மாதம் கழித்துப் பெரிய கம்பெனி ஒன்று இறுதியாண்டுப் பிள்ளைகளை வேலைக்கு எடுக்க வந்தது. மூன்று மணி நேரத் தேர்வு, எல்லாம் கம்ப்யூட்டரில். இரண்டே கால் மணி நேரத்தில் அறுபது திரைகளும் ஒன்றாக நின்றுபோயின. வந்தவர்கள் சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகளின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

விசாரணையில் தாளாளர் என் அறிக்கையை உரக்கப் படித்தார். இந்த முறை பிரித்துப் படித்தார்.

"நீ எழுதினதுதானே இது?"

"நீங்க பூக்கட்டிப் பாத்துதானே சார் முடிவு பண்ணீங்க?"

"பூவைப் பத்தி ஃபைல்ல எங்கம்மா இருக்குது?"

ஆர்டர் அன்றைக்கே கைக்கு வந்தது. வேலையிலிருந்து விடுவிக்கும் ஆர்டர்.

அடுத்த மாதம் சென்னைப் பெட்டியை வாங்கினார்கள். லேபில் என்னோடு தற்காலிகமாக வேலை பார்த்த தேவிப்ரியாதான் போனில் சொன்னாள்.

"உங்க முதல் ரிப்போர்ட்டைத்தாங்க்கா எடுத்து ஃபைல்ல வெச்சிருக்காங்க. பேரை மாத்தி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாங்க."

"போட்டியா?"



"என் ஆர்டர் டைப் ஆயிட்டிருக்குதுக்கா."