ஏழின் வால்

மணல்மேட்டுக்கு அப்பால் புழுதி கிளம்பியதும் காவல்கோபுரத்தில் எல்லோரும் வில்லை எடுத்தார்கள். தலைவர் குவோ மட்டும் சுவரில் தொங்கிய கட்டளைப் பலகையை எடுத்தார்.

அது கோபுரத்து எழுத்தனான நான் நகலெடுத்தது. ரோந்து போனவர்களுக்காகக் குறிப்பிட்ட நாள் வரை கதவைத் திறக்கலாம். அதன்பின் பாலைவனத்திலிருந்து வருபவன் நம் உடையில் இருந்தாலும் எதிரிதான், அம்பு விட வேண்டும். அன்று எட்டாம் நாள். ரோந்தில் என் தம்பி ஹுவாய் இருந்தான்.

"ஏழுன்னுதானே போட்டிருக்கே?" என்றார் குவோ.

"பத்துங்க ஐயா."

"இதுவா பத்து? கோழி கிளறின மாதிரி இருக்கு."

எங்கள் எழுத்தில் ஏழு, பத்து இரண்டுமே ஒரு கிடைக்கோடும் அதை வெட்டும் நெடுக்கோடும்தான். கிடைக்கோடு நீண்டால் ஏழு. நெடுக்கோடு நீண்டால் பத்து. பழைய எழுத்தில் கோடுகளை நிதானமாக இழுப்போம். இப்போது எல்லாம் ஓட்ட எழுத்து. இந்த எல்லையிலேயே என் கைதான் வேகம் என்று எனக்குப் பெருமை வேறு. பலகையில் இரண்டு கோடும் ஒரே நீளம்.

மூலக் கட்டளை தூதனோடு அடுத்த கோபுரங்களுக்குப் போய்விட்டது. பன்னிரண்டாம் நாள்தான் திரும்பும்.

"தம்பிக்காகச் சொல்றியா, பாத்ததைச் சொல்றியா?"

நினைத்துப் பார்த்தேன். மூலமும் ஓட்ட எழுத்துதான். எந்தக் கோடு நீளம்? ஞாபகமில்லை.

"பாத்ததைத்தாங்க."

"அப்போ புதுப் பலகையில எழுது. கீழ உன் பேரைப் போடு. தப்புன்னா போறது உன் தலை, என்னோடது இல்ல."

நெடுக்கோட்டை நீட்டி இழுத்தேன். கீழே என் பெயர்: ஃபான் யி. பழைய பலகையைக் குவோ இடுப்பில் செருகிக்கொண்டார். வில்கள் தாழ்ந்தன.

ஆறு குதிரைகள் வந்தன. கடைசியில் ஹுவாய், உதடு வெடித்து.

"என்னண்ணே, கல்யாண வீடு மாதிரி எல்லாரும் மதில்மேல நிக்கிறீங்க? தண்ணி குடு. கையெல்லாம் ஏன் மை?"

"கணக்கு எழுதினேன்டா."

தோல்பையை நீட்டினேன். அவன் சிரித்தான்.

அதன்பின் நான் எழுதும் ஒவ்வொரு ஏழிலும் நெடுக்கோட்டின் அடியை வலப்பக்கம் வளைத்துவிடுகிறேன். "ஏழுக்கு எப்பய்யா வால் முளைச்சுது?" என்று குவோ கேட்டார். பழைய பலகை இன்னும் அவர் இடுப்பில்தான் இருக்கிறது.

இன்று பதினொன்றாம் நாள். ஹுவாய் முற்றத்தில் குதிரையைத் தேய்த்தபடி பாடுகிறான். தூதன் வரும் கிழக்குச் சாலையில் மெல்லப் புழுதி எழுகிறது. ஒரு நாள் முன்னதாகவே.