வலப்பக்க வளைவில் ஒரு சொல்

1

இக்கதை என் பிழையொன்றிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். "எஞ்சினின் முன்கண்ணாடி வழியே ஆஷ்லின் அந்த வேனைக் கண்டாள்" என்று தொடங்கியிருந்தேன். ஆஷ்லின் என் தங்கை மகள். உதவி லோகோ பைலட்; ரயில் ஓட்டுபவருக்குத் துணை. படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன் மாமா, முன்கண்ணாடியா? அந்த எஞ்சினுக்கு முன்னால பூரா மூக்குல்லா இருக்கு! எங்க ரெண்டு பேரையும் அதுக்குப் பின்னால உக்கார வச்சிருக்காக."

2

மீண்டும் தொடங்குகிறேன். முன்னே நீண்ட இரும்பு மூக்கு. அதன் பின்னே சிற்றறை. இடப்பக்கம் லோகோ பைலட் சரவணக்குமார்; வலப்பக்கம் ஆஷ்லின். தண்டவாளம் வலப்பக்கம் வளைந்தால் அவருக்கு மூக்கு மட்டுமே தெரியும். பாதை அவளுக்கு மட்டுமே தெரியும். (வாசகரே, இதை அறிந்த கணத்தில் என் பேனா துள்ளியது!)

"அப்போ ரூமை முன்னால வச்சா என்னம்மா?"

"வைக்கலாம், எல்லாம் தெரியும். மோதினா மொத அடியும் எங்களுக்குத்தான். மூக்கு இருந்தா அது வாங்கிக்கிடும். எது வேணும், நீங்களே சொல்லுங்க."

விடை எழுத இடம் விட்டு மேலே போகிறேன்.

3

பங்குனி வெயிலில் வானம்… (வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.)

சிவகாசிக்கு அருகே பட்டாசு ஏற்றிய வேன் ஒன்று, கேட் இல்லாத இடத்தில் ஏறித் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது. ஓட்டுநர் பாண்டிச்செல்வம் ஓடிவிடாமல் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஜல்லி ஏற்றிய ரயில் வலப்பக்கம் வளைந்தது. ஆஷ்லின் கத்தினாள்:

"வண்டி! வண்டி!"

பட்டாசு ஊரான தாயில்பட்டியில் பிறந்தவளுக்கு லோடு வேன்தான் வண்டி.* சரவணக்குமாருக்கோ முப்பது ஆண்டுகளாக ரயில்தான் வண்டி.

"நம்ம வண்டிக்கு என்ன தாயி?"

"ஐயோ அண்ணே, குறுக்க வேன் நிக்கி! பிரேக்கப் போடுங்க!"

* பட்டாசு சீசன் காலத்தில் அங்கே "வண்டி வந்துட்டா?" என்று கேட்டால் எவரும் ரயில் நிலையத்தை நோக்கார்.

4

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் இரண்டு நொடி. மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அது இருபத்திரண்டு மீட்டர். ரயில் வேனுக்குப் பத்தடி முன்னே நின்றதாம்.

அந்தப் பத்தடி அதிர்ஷ்டத்தை என் கதைக்கு முடிவாக்க மாட்டேன். மூக்கைக் குறைக்க எனக்கு அதிகாரமில்லை. அறையை முன்னே நகர்த்தத் துணிவில்லை. நான் மாற்றக்கூடியது அவள் கத்தும் சொல் ஒன்றே. "தடை": பள்ளிக்கூடத் தமிழ், அடித்துவிட்டேன். "வேன்": எஞ்சின் இரைச்சலில் "ஏன்" என்று கேட்கும். "பிரேக்": லேசாகவா, முழுதாகவா என்று திரும்பிப் பார்ப்பார்.

ரயில் வளைவுக்குள் நுழைந்துவிட்டது. பாண்டிச்செல்வம் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறார். சரவணக்குமார் மூக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வாசகரே, வலப்பக்க இருக்கையில் இப்பொழுது நீங்கள். ஒரே சொல், உரக்க: