பெரியவர்கள் யாரும் வராத வீடு

1

இந்தக் கதை பெயின்ட் வாடையிலிருந்து பிறந்தது. வீரமான ஓர் இடத்திலிருந்து தொடங்கத்தான் ஆசைப்பட்டேன். தொடங்கியும் பார்த்தேன்.

'நூற்றாண்டு கண்ட அந்த மாளிகையின் தூண்கள்

(மாளிகையும் இல்லை, தூணும் இல்லை. விடு.)

'சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று கேட்டதும் சித்தி அழுது

(சித்தி எங்கே அழுதாள்? "அகலமாகட்டுமே, என் வாசலுக்கு அந்தப் பக்கமா" என்றாள். அவளை அழவைக்க என் பேனாவால் ஆகாது.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சித்தியின் வீடு ஒரு காலத்தில் பிரசவ விடுதி. நடத்திய மருத்துவச்சிக்குப் பிள்ளைகள் இல்லை. கூடவே இருந்து வெந்நீர் வைத்து, துணி அலசி, பிள்ளைகளைக் கையில் வாங்கிய சித்திக்கே வீட்டை எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். பிரசவ அறையில் இப்போது தையல் மிஷின் ஓடுகிறது. உத்தரத்தில் தொட்டில் கொக்கிகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. மரபுக் கட்டடப் பட்டியலில் வீடு ஏறினால் சாலை வளைந்து போகும். ஏறாவிட்டால் நேராக வரும், வீட்டின் மேலேயே.

2

பட்டியல் போடும் குழுவிலிருந்து ஆய்வாளர் அம்மா பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்ததும் சித்தப்பா பதறிப்போனார்.

"வீடு பாக்க ஆள் வர்றாங்க. இப்படியா போட்டு வைப்பே?"

விளைவு: உள்ளும் புறமும் இளம்பச்சை. கொக்கிகளுக்கு வெள்ளி நிறம். பழைய வீட்டைப் பார்க்க வருகிறவருக்கு வீட்டைப் புதிதாக்கி வைத்தார்கள்.*

* சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் அழுக்குத் துண்டை எங்கே ஒளித்து வைப்பீர்கள்?

ஆய்வாளர் சுவரைத் தொட்டார். விரலைப் பார்த்தார்.

"இதுதானா அந்தப் பழைய வீடு? கையில ஒட்டுதே!"

"ரெண்டு கோட்டு அடிச்சிருக்கு மேடம்," என்றார் சித்தப்பா, பெருமையாக.

சித்தி அவரைப் பார்த்த பார்வையில் மிச்சப் பெயின்ட்டும் காய்ந்திருக்கும்.

"மரபுக் கட்டடம்னா தொன்மை தெரியணும்மா," என்றார் ஆய்வாளர்.

"தொன்மைன்னா?"

"பழமை."

"அதைத்தானே நானும் பழசு, பழசுன்னு சொல்றேன். பழசுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டா தொன்மையா?"

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெட்டவர் இல்லை. (கெட்டவராக எழுதியிருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும்.) குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவங்க யாராவது இங்க வந்து தங்கியிருக்காங்களா? தலைவர், புலவர், யாரா இருந்தாலும் சரி. ஒரு ராத்திரி தங்கினாக்கூடப் போதும். பேரு இருந்தா குழு ஒத்துக்கும்."

3

இந்த இடத்தில் சித்தி பொய் சொல்லலாம். சொன்னால் வீடு பிழைக்கும். சித்தப்பா அவள் காதருகே போய், "யாரையாவது சொல்லேன். செத்தவங்க எந்திரிச்சு வந்து இல்லேன்னா சொல்லப்போறாங்க?" என்றார். நானும் என் பங்குக்கு நல்ல நல்ல பொய்களாக எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். ஒன்றையும் அவள் வாயில் வைக்க முடியவில்லை.

"பெரியவங்க யாரும் வந்ததில்லம்மா," என்றாள் சித்தி. "வந்தவங்க எல்லாம் இத்துனூண்டு." முழங்கையிலிருந்து விரல் நுனி வரை காட்டினாள். "ஊர்ல பாதிப் பேரு மொதமொதல்ல கத்தி அழுத எடம் இது. அதுல உங்க தலைவரும் இருப்பாரு, திருடனும் இருப்பான். பெத்தவளுங்க பேரைச் சொல்லவா? எந்தக் கல்வெட்டுல போடுவீங்க?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். "சுவரையாவது சுரண்டி வைங்க. அப்புறம் வந்து போட்டோ எடுத்துக்கறேன்."

"எதுக்குச் சுரண்டணும்? வலியோட வந்தவளை அழுக்குச் சுவத்துக்கு நடுவுல நாங்க படுக்க வெச்சதே கெடயாது. வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சோம். இப்ப பெயின்ட் அடிச்சிருக்கோம். இந்த வீட்டோட தொன்மையே அதான். எழுதிக்குங்க."

"அதுக்குன்னு எங்க படிவத்துல கட்டம் இல்லையேம்மா."

"இல்லேன்னா ஒண்ணு போடுங்க. ஸ்கேல் இல்லையா? நான் தர்றேன்."

ஆய்வாளர் பச்சைச் சுவரை அப்படியே படமெடுத்துக்கொண்டு போனார்.

4

குழு இன்னும் கூடவில்லை. முடிவு எழுத எனக்கு நிறைய நேரம் இருந்தது.

முதலில் எழுதியது: ஆய்வாளர் வீட்டுக்குப் போகிறார். அவருடைய அம்மா, "நீயே அங்கதான்டி பொறந்தே" என்கிறார். எழுதும்போது எனக்கே பிடித்திருந்தது. மறுநாள் அடித்துவிட்டேன். அவர் எங்கே பிறந்திருந்தால் என்ன? அங்கே பிறந்தவர்கள் தயவில்தான் வீடு நிற்கும் என்றால் அதில் என்ன நியாயம்?

அடுத்தது: விடியும்போது இயந்திரம் வந்தது. முன்சுவரை இடி

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். இந்தச் சொல்லையும் பாதியிலேயே விடுகிறேன்.

மற்றொன்றும் உண்டு. பட்டியலில் பெயர், வாசலில் பலகை, வளைந்து போகும் சாலை. ஆனால் அதை எழுத வேண்டியவர்கள் குழுவினர். நான் முந்திக்கொண்டு எழுதினால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

ஆகவே உங்களைக் குழுவில் உட்கார வைக்கிறேன். (நாற்காலி ஆடும், பார்த்து.) மேசையில் ஒரு பச்சைச் சுவரின் படம் இருக்கிறது. எதிரே சித்தி நிற்கிறாள். உட்காரச் சொல்லிப் பாருங்கள், உட்கார மாட்டாள். உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

சொல்லுங்கள்.